பின்னறைக்கு வைஃபை போன வழி

சியாட்டிலில் இருந்துகொண்டு இணையத்தில் என்னிடம் பாட்டு கற்கும் மாணவிக்குப் பத்து வயது. மோகன வர்ணத்தின் சிட்டஸ்வரம், அதாவது அதில் வரும் ஸ்வரப் பகுதி, சொல்லிக்கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்த வகுப்பில் அதைப் பாடினாள். இரண்டாவது ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) பாதியில் திடீரென்று ஓர் அவசரம். நாலைந்து ஸ்வரங்களை அள்ளிக்கொண்டு ஓடிவிட்டு, அப்புறம் பழைய காலப்பிரமாணத்துக்கு, பழைய வேகத்துக்கு, வந்து சேர்ந்தாள். மறுபடி பாடச் சொன்னேன். அதே இடத்தில் அதே ஓட்டம்.

"இந்த இடத்துல ஏன் ஓடறே கண்ணா?"

"நீங்க அப்படித்தானே பாடினேள் மாமி? ரெக்கார்டிங்ல இருக்கு."

அவள் அம்மாவிடம் சொல்லி அந்தப் பதிவை வாங்கிக் கேட்டேன். குரல் என்னுடையதுதான். ஆனால் நான் அப்படிப் பாடவில்லை. அந்த இடத்தில் குரல் ஒரு கணம் இழுபட்டு, தகரத்தைத் தட்டின மாதிரி நடுங்கி, உடனே விட்டதைப் பிடிக்க ஓடுகிறது. இணையத்தில் சத்தம் சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது. சில துண்டுகள் தாமதமானால் அந்தப் பக்கத்துச் செயலி இருப்பதை இழுத்து இடைவெளியை நிரப்பும். பின்னால் எல்லாம் மொத்தமாக வந்து சேர்ந்ததும் கொஞ்சம் வேகமாக ஓட்டி நேரத்தைச் சரிக்கட்டும். பேச்சில் இது யாருக்கும் தெரியாது. பாட்டில் லயமே போய்விடும். அந்தக் குழந்தை ஏழு நாள் அதைக் கேட்டுக் கேட்டு, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சாதகம் செய்திருக்கிறாள். முப்பது வருஷமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு குழந்தைக்குத் தப்பான பாடம் என் வீட்டிலிருந்து போனதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று ராத்திரியே இதைச் சரி செய்தே ஆவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் சிக்கல் புரியும். மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடக்கும் தூரம். 1940-களில் கட்டிய கட்டடத்தில் இரண்டாவது மாடி. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. தெருவைப் பார்த்து ஹால், அடுத்து படுக்கையறை, ஒரு நடை, சமையலறை, கடைசியில் பின்னறை. சில சுவர்கள் ஒரு அடிக்கு மேல் கனம். வெயில் காலத்தில் வீடு குளுகுளுவென்று இருக்கும், அந்தப் புண்ணியம் இந்தச் சுவருக்குத்தான். ஃபைபர் கம்பி மொட்டை மாடியிலிருந்து முன்பக்கமாக இறங்கி, ஹால் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. அதனால் ரௌட்டர் ஹாலில். நான் வகுப்பு எடுப்பது பின்னறையில். ஏனென்றால் ஹாலில் விடிந்ததும் பஸ் சத்தம் ஆரம்பித்துவிடும், மாமியார் தூங்குவதும் அங்கேதான். இங்கே காலை 6.30 என்றால் சியாட்டிலில் முந்தின நாள் சாயங்காலம் 6 மணி, குளிர்காலத்தில் 5. குழந்தைகளுக்குத் தோதான நேரம் அதுதான், மாற்ற முடியாது.

கம்பி இழுத்துவிடலாமே என்று எலக்ட்ரீஷியன் பையன் சொன்னான். அவன் சொன்னது சரிதான். ரௌட்டரிலிருந்து பின்னறை வரை ஒரு கேபிள் போட்டு, அங்கே இன்னொரு பெட்டியை வைத்தால் அதற்கு இணையாக எதுவும் இல்லை. உங்கள் வீட்டில் முடியுமென்றால் மேற்கொண்டு படிக்கக்கூட வேண்டாம், கேபிளே போட்டுக்கொள்ளுங்கள். எங்களுடையது பகடி வீடு. முன்பணமாக ஒரு தொகை கொடுத்துவிட்டுச் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருக்கிறோம், ஆனால் சுவரைத் துளைக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அவர் சம்மதிக்கவில்லை. பழைய கட்டடம், அவர் பயமும் நியாயம்தான்.

ஆக, எக்ஸ்டெண்டர், ரௌட்டரின் வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் பெட்டி. மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ரயில் ஏறி கிராண்ட் ரோடில் இறங்கினால் லாமிங்டன் ரோடு. கம்ப்யூட்டர் சாமான் எதுவானாலும் மும்பைக்காரர்கள் அங்கேதான் போவார்கள். இவர் போய் 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தார். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி, இரண்டு காது மாதிரி ஆன்டெனா, சுவரில் நேராகச் செருகுகிற மாதிரி பின். பெட்டியில் 1200 என்று கொட்டை எழுத்து. வைஃபைக்கு இரண்டு அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300 எம்பிபிஎஸ் வேகம், 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி முழுசாக்கிப் போட்ட எண் அது. காகிதக் கணக்குதான், வீட்டில் அந்த வேகம் வராது.

எனக்குப் பலவீனமான இடம் பின்னறை, அதனால் முதலில் பின்னறையிலேயே செருகினேன். ஃபோனில் வைஃபை கோடுகள் முழுசாக நிரம்பின. சந்தோஷமாக வகுப்பை ஆரம்பித்தேன். பத்தாவது நிமிஷம், "மாமி, கட் ஆகறது" என்றாள் அந்தப் பக்கத்துக் குழந்தை.

கோடுகள் நிரம்பியும் ஏன் அறுகிறது? இது புரிந்தபோது எனக்கு பஜனைதான் ஞாபகம் வந்தது. பஜன சமாஜத்தில் பாகவதர் முன்னால் ஓர் அடி பாடுவார். பக்கத்தில் இருப்பவர்கள் வாங்கிப் பாட, கடைசி வரிசையில் இருப்பவர்கள் அவர்களைக் கேட்டுப் பாடுவார்கள். வாங்கிப் பாடுகிறவர் பாகவதர் சத்தம் எட்டாத இடத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அவருக்கே காதில் சரியாக விழாது, அரைகுறையாக வாங்கியதை உரக்கப் பாடுவார். பின்வரிசைக்கு அவர் குரல் கணீரென்று கேட்கும், வரிதான் தப்பாக இருக்கும். எக்ஸ்டெண்டர் அந்த நடு ஆள். புதிதாக இணையத்தை அது உண்டாக்குவதில்லை, கேட்டதைத் திருப்பிச் சொல்கிறது. என் ஃபோன் காட்டிய கோடுகள் எனக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள நெருக்கம். எக்ஸ்டெண்டருக்கும் ரௌட்டருக்கும் நடுவில் என்ன நிலைமை என்று ஃபோன் சொல்லாது. அதைச் சொல்வது எக்ஸ்டெண்டரின் மேல் உள்ள சின்ன விளக்கு. என்னுடையதில் அது அன்று சிவப்பாக இருந்தது, நான் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அளக்க ஆரம்பித்தேன். வைஃபை வலிமையை எண்ணாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை ஃபோனில் போட்டுக்கொண்டேன். எண்கள் எல்லாம் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு அருகே வர வர நல்லது. பத்து குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். பேச்சு, வீடியோ இதற்கெல்லாம் மைனஸ் 67-க்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு பென்சிலும் பழைய டைரியும் எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஹாலில் மைனஸ் 38. நடையில் 69. சமையலறையில் 73. பின்னறையில் என் பாய் போடும் இடத்தில் 82. இது 2.4-க்கு. 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே பட்டியலிலேயே வரவில்லை. பக்கத்து வீட்டில் மிருதங்கம் வாசித்தால் சுவர் தாண்டி நமக்கு முதலில் கேட்பது தொப்பிதான், அதாவது கனத்த ஒலி தரும் பக்கம். கூர்ந்த ஒலி தரும் வலந்தலையின் கூர்மை அங்கேயே நின்றுவிடும். இதுவும் ஏறக்குறைய அப்படி. 2.4-ன் அலை நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், சுவரைக் கடந்து வரும், வேகம் கம்மி. 5-ன் அலை நீளம் அதில் பாதிக்கும் குறைவு, வேகம் அதிகம், கனமான சுவரில் சீக்கிரம் களைத்துவிடும்.

ரௌட்டர் இன்னும் நன்றாகக் கேட்கும் கடைசி இடம் எதுவோ, அங்கேதான் எக்ஸ்டெண்டர் இருக்க வேண்டும். இரண்டாவதாக சமையலறையை ஒட்டின நடையில், ஃப்ரிட்ஜ் பக்கத்து ப்ளக்கில் வைத்தேன். பரவாயில்லை என்று தோன்றியது. ஆனால் தினமும் 6.45 வாக்கில் மட்டும் ஒரு நிமிஷம் எல்லாம் உறைந்துவிடும். இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. இவர் அப்போதுதான் மைக்ரோவேவில் பால் சுட வைக்கிறார். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில், வைஃபையின் வீட்டுக்குள்ளேயே. துளி கசிவு போதும், ஓரடி தள்ளி இருக்கும் எக்ஸ்டெண்டருக்குக் காது அடைத்துவிடும். இப்போது வகுப்பு முடிகிற வரை பால் அடுப்பில்தான் காய்கிறது.

ஆனால் நடையில் கிடைத்த 69-ம் போதாது. மிச்சம் இருந்தது ஓர் இடம்தான், படுக்கையறை வாசலை ஒட்டின சுவிட்ச் போர்டு. ஹாலுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நியாயமாகப் பார்த்தால் அங்கே நன்றாக வர வேண்டும். வந்ததோ மைனஸ் 66. அந்தச் சுவரோடு ஒட்டி நின்றது மாமியாரின் இரும்பு பீரோ. ஆறரை அடி உயரம், கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரும்புத் தகட்டுக்குள் ரேடியோ அலை நுழையாது, கண்ணாடியின் பின்பூச்சும் உலோகம்தான். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த பீரோவே வழியை மறித்துக்கொண்டு நின்றது.

அதை நகர்த்த வேண்டும் என்று மாமியாரிடம் சொல்வதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அது 1962-ல் அவர் கல்யாணத்துக்கு வந்த சீர். இந்த வீட்டுக்கு வந்த நாளில் மாமனார் தன் கையால் இடம் பார்த்து நிறுத்தியது. மாமனார் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. தினமும் விளக்கேற்றிவிட்டு அந்தக் கண்ணாடியில் பார்த்துத்தான் அம்மா (மாமியாரை அப்படித்தான் சொல்வேன்) நெற்றிக்கு இட்டுக்கொள்வார். இதை வைஃபைக்காக நகர்த்துகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? கடைசியில் நான் எதுவும் சொல்லவில்லை. ஹாலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் குழந்தையின் அம்மா அனுப்பிய பதிவைப் போட்டுக் காட்டினேன். மாமியாரும் சின்ன வயசில் பாட்டுக் கற்றவர். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டார். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிட்டது.

"என்னடி இது, தாளம் தறிகெட்டு ஓடறது?"

சொன்னேன். ரௌட்டர், சுவர், பீரோ எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"குழந்தைக்குத் தப்பாப் பாடம் போகலாமோ? நகர்த்துங்கோ. கண்ணாடி மட்டும் ஜன்னலைப் பாக்கற மாதிரி வைங்கோ, எனக்கு வெளிச்சம் வேணும்."

பட்டுப் புடவைகள், வெள்ளிச் சாமான், மாமனாரின் ஃபைல்கள் எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்து வைக்கவே அரை நாள். அப்புறம் வாட்ச்மேனும் இஸ்திரிக்காரரும் இவரும் சேர்ந்து, காலடியில் பழைய கம்பளியை விரித்து, பீரோவைப் பக்கத்துச் சுவருக்கு இழுத்தார்கள். அது நின்ற இடத்தில் சுவர் பச்சையாக இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அறை முழுக்க அந்த நிறம்தான், மறந்தே போயிருந்தேன். அம்மா அந்தப் பச்சையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

போர்டு அருகே ஃபோனை நீட்டினேன். மைனஸ் 57. எக்ஸ்டெண்டரைச் செருகினேன். விளக்கு நீலமாயிற்று.

இணைக்கும் விதம் சுலபம்தான். பெரும்பாலான ரௌட்டர்களில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, இரண்டு நிமிஷத்துக்குள் எக்ஸ்டெண்டரின் பொத்தானையும் அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். எங்கள் ஃபைபர் பெட்டியில் அந்தப் பொத்தான் இல்லை. எக்ஸ்டெண்டர் தானே ஒரு வைஃபையைக் காட்டும், ஃபோனை அதில் சேர்த்து, அதன் பக்கத்தைத் திறந்து, வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தேன். முதல் முறை இணைக்கும்போது ரௌட்டர் பக்கத்திலேயே வைத்துச் செய்துவிட்டு, அப்புறம் அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

இரண்டு அலைவரிசையும் உள்ளதாகத்தான் வாங்க வேண்டும். 2.4 மட்டும் உள்ள மலிவு எக்ஸ்டெண்டருக்கு ஒரே வாய், ஒரே காது. ரௌட்டரிடம் கேட்கும் நேரம் நம்மிடம் பேச முடியாது, அதனால் வேகம் பாதியாகிவிடும். இரண்டும் இருந்தால் ஒன்றில் கேட்டு இன்னொன்றில் சொல்லலாம். என்னுடையது ஹாலிலிருந்து 5-ல் வாங்கி, பின்னறைக்கு 2.4-ல் கொடுக்கிறது. முன்பு பின்னறையில் 3 எம்பிபிஎஸ் வந்தது, சில நாள் அதுவும் இல்லை. இப்போது 35-லிருந்து 40. ஹாலில் வரும் 90-க்கு அது பாதிகூட இல்லைதான். ஆனால் பாட்டுக்கு வேகம் அவ்வளவு வேண்டாம். வேண்டியது சீர், துண்டுகள் எல்லாம் ஒரே இடைவெளியில் போய்ச் சேர வேண்டும்.

பெயர் விஷயத்தில் ஒரு சங்கடம் வந்தது. ரௌட்டருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் ஒரே பெயர் வைத்திருந்தேன். லேப்டாப்பை ஹாலிலிருந்து பின்னறைக்கு எடுத்துப்போனால், அது ஹால் ரௌட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருக்கும் எக்ஸ்டெண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எதில் ஒட்டிக்கொள்வது என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்தந்தச் சாதனம்தான். அதனால் எக்ஸ்டெண்டருக்கு 'பின்னறை' என்று தனிப் பெயர் கொடுத்து, லேப்டாப்பில் ஹால் வைஃபையை மறக்கச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து தகராறு இல்லை.

அலைச் சந்தடியும் உண்டு. சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் நின்று பார்த்தால் அக்கம்பக்கத்து வைஃபை 23 தெரிகிறது. 2.4-ல் ஒன்றோடொன்று இடிக்காமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். எங்கள் ரௌட்டர் தானாக 6-ல் போய் உட்கார்ந்திருந்தது, பாதிக் கட்டடமும் அங்கேதான். எங்கள் பெட்டிகள் இரண்டையும் 1-க்கு மாற்றினேன்.

இன்னொன்று, பாட்டு சொல்லிக்கொடுப்பவர்கள் கட்டாயம் செய்ய வேண்டியது. வைஃபை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வகுப்பு எடுக்கும் ஜூம் செயலி தம்புரா சுருதியை மின்விசிறிச் சத்தம் மாதிரி நினைத்து வடிகட்டிவிடும். ஒரே மாதிரி நீடித்துக் கேட்பதெல்லாம் அதற்கு இரைச்சல். நீண்டு நிற்கும் ஸ்வரத்தையும் (கார்வை) அப்படியே வெட்டிவிடும். அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று இருக்கிறது, அதைப் போட்டால் சுருதி போய்ச் சேரும். இது தெரியாமல் எத்தனை குழந்தைகள் சுருதி இல்லாமல் பாடம் கேட்டிருக்கும் என்று நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது.

மும்பையில் மின்சாரம் போவது அபூர்வம். 2020 அக்டோபர் 12 அன்று ஊரே இருண்ட மாதிரி நாட்களை விட்டுவிடலாம். ஆனால் எங்கள் வீட்டில் ராத்திரி படுக்கப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பது அம்மாவின் அறுபது வருஷப் பழக்கம். எக்ஸ்டெண்டரும் அதோடு அணையும். காலையில் போட்டால் நிலைக்கு வர ஓரிரு நிமிஷம் ஆகும். 'இதை அணைக்க வேண்டாம்' என்று காகிதத்தில் எழுதி அந்தச் சுவிட்சின் மேல் ஒட்டினேன். அம்மா மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் காகிதத்தை ஒருமுறை படித்துவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.

போன சனிக்கிழமை சிட்டஸ்வரத்தைத் திரும்ப எடுத்தோம். குழந்தையிடம் பழைய பதிவை அழிக்கச் சொல்லிவிட்டு, முதல் ஆவர்த்தனத்திலிருந்து ஒவ்வொரு வரியாக, விளம்ப காலத்தில், மெதுவாக, பாடினேன். அவள் வாங்கிப் பாடினாள். அந்த இடத்தில் முதல் இரண்டு தடவை அவளை அறியாமல் ஓடினாள், தொண்டையில் பழகிவிட்டது. மூன்றாவது தடவை நின்றாள். ஒவ்வொரு ஸ்வரமும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. வகுப்பு முடிந்ததும் அவள் அம்மாவிடம் புதுப் பதிவை அனுப்பச் சொல்லி, முழுசாக, 40 நிமிஷமும் கேட்டேன். மாமியாரும் கூட உட்கார்ந்து கேட்டார். கடைசி வரை தொடையில் அவர் கை நிற்கவில்லை.